சின்ன பாத்ரூமை மாற்றிக் கட்டுவது: இடம், அலமாரி, தண்ணீர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்ப் பழைய அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம் பல இடங்களில் 7-க்கு 4 அடிதான். அதை உடைத்து மாற்ற நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாம் இப்படி ஓர் அறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 4 அடிச் சுவரில் கதவு, நீளச் சுவரை ஒட்டிக் கதவருகே பேசின், அடுத்து வெஸ்டர்ன் க்ளோசெட், எதிர்க்கோடியில் குளிக்கும் இடம்.

எங்க பாத்ரூம் 7-க்கு 4 அடிதான். உடைச்சு வேலை செஞ்சா நிஜமாவே இடம் கூடுமா?

கூடும். சுவர் நகராது, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை நகரும். உள்ளே திறக்கும் கதவு, அதிகம் முன்னால் நீளும் க்ளோசெட், தரையில் நிற்கும் வாளியும் ஸ்டூலும் குப்பைக்கூடையும், தடித்துப்போன பழைய பூச்சு ஆகிய நான்கும்தான் பெரும்பாலான இடத்தை எடுக்கின்றன. 4 அடி என்றால் 48 அங்குலம். க்ளோசெட் 27 அங்குலம் முன்னால் வந்தால் நடக்க 21 அங்குலம் மிஞ்சும். 24 வந்தால் 24 மிஞ்சும். அந்த மூன்று அங்குலம் இருந்தால் உடம்பைத் திருப்பாமல் நேராக நடந்து போகலாம்.

பழைய டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் சிமென்ட் கலவையும் சேர்ந்து சுவருக்கு ஒன்றரை அங்குலம் வரை இருக்கும். செங்கல் தெரியும்வரை எடுத்துவிட்டு, 12 மி.மீ. பூசி, டைல்ஸ் கம் போட்டு ஒட்டினால் ஒரு அங்குலத்துக்குள் முடியும். எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் சேர்த்து ஒரு அங்குலம் லாபம்.

வேலைக்கு முன்னாடி என்னென்ன அளக்கணும்?

நீள அகலத்தை மூன்று உயரத்தில் அளங்கள்: தரையில், இடுப்பளவில், தலைக்கு மேல். பழைய சுவர்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் மூலை செங்கோணமாக இல்லை என்று பொருள், கண்ணாடித் தடுப்போ ஆயத்த அலமாரியோ ஒட்டி உட்காராது. பிறகு கூரை உயரம், பீம் இறங்கும் இடம், வென்டிலேட்டரின் அடிமட்டம், கழிவுக்குழாய் இறங்கும் பக்கம், ஒவ்வொரு சுவரின் தடிமன். நாலரை அங்குலச் சுவரா, ஒன்பதா என்பதைப் பொறுத்துத்தான் அலமாரி யோசனைகளில் பாதி நிற்கும், பாதி விழும்.

அளந்ததைத் தாளில் வரைந்தால் போதாது. வாங்க நினைக்கும் க்ளோசெட், பேசின் இவற்றின் அளவில் செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி, கதவைத் திறந்து மூடி நடந்து பாருங்கள். நீளவாக்கில் எங்கள் பரிந்துரை: பேசினுக்கு 20 அங்குலம், க்ளோசெட்டுக்கு 30, குளிக்க 34. கூட்டினால் 84, அதாவது சரியாக 7 அடி. க்ளோசெட்டின் நடுக்கோடு இருபுறமும் 15 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முழங்கை இடிக்கும்.

கதவு உள்ள திறக்குது. வெளிய திறக்கிற மாதிரி மாத்தலாமா? ஸ்லைடிங் நல்லதா?

முடிந்தால் வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். 30 அங்குலக் கதவு உள்ளே திறந்தால் அந்த 30 அங்குலத்தில் வேறு எதுவும் வைக்க முடியாது, மேலே சொன்ன பேசின் கணக்கே பொய்த்துவிடும். கதவை மட்டும் திருப்பி மாட்ட முடியாது. நிலையில் கதவு உட்காரும் காடி வெளிப்பக்கம் வர வேண்டும், எனவே நிலையையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். எப்படியும் அடியில் உளுத்துப்போயிருக்கும் மரநிலையை எடுத்துவிட்டு கிரானைட் நிலை அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை) நிலை வைத்து, டபிள்யூ.பி.சி. கதவு போடலாம். வெளியே கட்டிலோ பீரோவோ இடிக்குமா என்று முதலில் பாருங்கள்.

ஸ்லைடிங் கதவுக்கு வெளிச்சுவரில் பக்கவாட்டில் 32 அங்குலமாவது காலியாக வேண்டும், அங்கே சுவிட்ச் பலகை இருக்கக் கூடாது. ஓரத்தில் இடைவெளி இருப்பதால் சத்தமும் வாடையும் முழுதாகத் தடுக்கப்படாது. மடிப்பு பி.வி.சி. கதவு விலை குறைவு, ஆனால் உருளைகள் சீக்கிரம் தேயும்.

க்ளோசெட் வாங்கும்போது கடைக்காரர் "எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா"ன்னு கேட்கிறார். என்ன சொல்றது?

கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் ட்ராப். பின்சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப்பில் இன்னொரு அளவும் வேண்டும்: டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து தரையில் உள்ள குழாயின் நடுப்பகுதி வரை எவ்வளவு தூரம்? கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 4 அங்குலம் (100 மி.மீ.), 9 அங்குலம் (சுமார் 225 மி.மீ.), 12 அங்குலம் (300 மி.மீ.) அளவுகள். இதை அளக்காமல் வாங்குவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. 9 அங்குலக் குழாய்க்கு 12 அங்குல க்ளோசெட் வாங்கினால், அது சுவரிலிருந்து தள்ளி நிற்க முடியாமல் சுவரில் இடிக்கும். 4 அங்குல க்ளோசெட்டை அதே குழாயில் வைத்தால் பின்னால் 5 அங்குலம் இடைவெளி விட்டு முன்னால் வந்துவிடும். பழைய டைல்ஸ் இருக்கும்போதே அளந்தால், எடுக்கப்போகும் தடிமனையும் புதிதாக வரப்போகும் தடிமனையும் கணக்கில் சேருங்கள்.

பி ட்ராப்பில் பார்க்க வேண்டியது உயரம். தரையில் நிற்கும் வகைக்கு, முடித்த தரையிலிருந்து குழாயின் நடு சுமார் 180 மி.மீ. இருக்கும். சுவரில் மாட்டும் வகைக்கு அதைவிட உயரம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாடலை முடிவு செய்து அதன் அளவுத்தாளை பிளம்பர் கையில் கொடுத்த பிறகுதான் குழாய் போட வேண்டும்.

சுவர்ல மாட்டுற க்ளோசெட் போட்டா நிறைய இடம் மிஞ்சும்னு சொல்றாங்களே?

முன்பக்க நீளத்தில் நினைக்கும் அளவுக்கு மிஞ்சாது. கணக்கைப் பாருங்கள்: தொட்டியோடு சேர்ந்த ஒற்றைத் துண்டு க்ளோசெட் 650 முதல் 720 மி.மீ. நீளும். சுவரில் மாட்டுவது 480 முதல் 550 தான், ஆனால் அதன் தொட்டியை மறைக்கக் கட்டும் பெட்டிச் சுவர் ஏறக்குறைய 150 மி.மீ. எடுக்கும். கூட்டினால் கிட்டத்தட்ட அதே இடம்தான். அளவு குறைய வேண்டும் என்பதே நோக்கம் என்றால், 600 மி.மீ.க்குள் அடங்கும் குட்டை மாடலையோ, தனி பிளாஸ்டிக் ஃப்ளஷ் தொட்டியைச் சுவரில் மாட்டும் சாதாரண க்ளோசெட்டையோ பாருங்கள்.

சுவரில் மாட்டுவதால் வரும் உண்மையான லாபம் இரண்டு. க்ளோசெட்டின் அடியில் தரை முழுக்கத் திறந்திருப்பதால் துடைப்பது எளிது, குப்பைக்கூடையையும் உள்ளே தள்ளலாம். தொட்டிப் பெட்டியின் தலைப்பு ஓர் அலமாரித் தட்டாக மாறும். மூன்றரை முதல் நான்கு அடி உயரத்தில், 6 அங்குல ஆழத்தில் கிரானைட் வைத்தால் ஷாம்பு, டிஷ்யூ, பற்பசை எல்லாம் அதில் நிற்கும். அந்தப் பெட்டியை நீளச் சுவர் முழுக்க இழுக்காதீர்கள். 48 அங்குல அகலம் 42 ஆகிவிடும். க்ளோசெட் 4 அடிச் சுவரில் இருக்கும் அறைகளில் சுவர் முழுக்கக் கட்டலாம். 7 அடியில் 6 அங்குலம் போவது உறுத்தாது.

எங்க சுவர் நாலரை இஞ்ச் தான். அதுல மாட்டினா ஆள் எடையைத் தாங்குமா?

வெறும் சுவரில் போல்ட் போட்டு மாட்டினால் தாங்காது. தரையில் கால் ஊன்றும் முழு இரும்புச் சட்டம் வாங்க வேண்டும். நல்ல சட்டங்கள் 400 கிலோ வரை சோதிக்கப்பட்டவை. எடை தரைக்கு இறங்கும், சுவரின் வேலை சட்டம் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். சட்டத்தின் கால்கள் காங்கிரீட்டில் ஊன்ற வேண்டும். சன்கனில் (குழாய் போடத் தாழ்த்தி வார்த்த தளத்தின் பள்ளம்) நிரப்பிய செங்கல் ஜல்லியின் மேல் ஊன்றினால் சில மாதங்களில் க்ளோசெட் முன்பக்கம் தாழும், அதைச் சுற்றிய ஜாயின்ட் வெடிக்கும்.

மறைத்த தொட்டியில் பழுது வந்தால் ஃப்ளஷ் பட்டன் தட்டைக் கழற்றி அந்த வழியாகத்தான் உள்ளே கை விட முடியும், எனவே தட்டின் முன்னால் நிரந்தரமாக எதையும் கட்டாதீர்கள். போர் தண்ணீரின் உப்பும் மணலும் உள்ளே தண்ணீர் விடும் வால்வை அடைக்கும். தண்ணீர் வரும் வழியில் வடிகட்டி வைத்து, உங்கள் ஊரில் உதிரிபாகம் கிடைக்கும் நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள்.

இந்தியன் டாய்லெட்டை எடுத்துட்டு அதே இடத்துல வெஸ்டர்ன் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பழைய கோப்பையையும் அதன் அடியில் உள்ள ட்ராப்பையும் முழுக்க எடுத்தாக வேண்டும். பழைய குழாய் வாய் புதிய க்ளோசெட்டின் அளவோடு ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போகாதபோது வளைகுழாயை வைத்து இழுத்துச் சேர்ப்பதால்தான் பின்னாளில் அடைப்பும் கசிவும் வருகின்றன. பிரதான குழாய் வரை தோண்டிப் புதிதாக இறக்குங்கள். தோண்டினால் பழைய நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்துவிடும், எனவே தரை முழுவதற்கும் மறுபடி செய்ய வேண்டும். இதை அரைகுறையாகச் செய்ய வழியில்லை.

க்ளோசெட்டை எதிர் சுவருக்கு மாத்தினா இடம் நல்லா வரும். செய்யலாமா?

உங்கள் பாத்ரூம் சன்கன் தளமா என்று பாருங்கள். தளத்தை 9 முதல் 12 அங்குலம் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாய் போட்டு நிரப்பியிருந்தால் அதுதான் சன்கன். அப்படி இருந்தால் 3, 4 அடி நகர்த்தலாம். 110 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 17 முதல் 25 மி.மீ. வாட்டம் (சரிவு) வேண்டும். செங்குத்தான 90 பாகை வளைவுக்குப் பதில் இரண்டு 45 பாகை வளைவுகளைப் போடுங்கள். ஒவ்வொரு வளைவும் அடைப்பு பிடிக்கக்கூடிய இடம்.

சன்கன் இல்லையென்றால், குழாயை மூடத் தரையை அரை அடிக்கு மேல் உயர்த்த வேண்டும், அல்லது கீழ்வீட்டுக் கூரையில் தொங்கவிட வேண்டும். முதலாவது தினமும் தடுக்கும் படி, இரண்டாவதுக்குக் கீழ்வீட்டாரின் சம்மதமும் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். குழாய்க்காகப் பீமில் துளை போடலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உங்கள் ஒருவரின் பீம் அன்று, மொத்தக் கட்டடத்தையும் தாங்குவது.

வாஷ் பேசின் எவ்வளவு சின்னதா கிடைக்கும்?

450-க்கு 300 மி.மீ. அளவு பல் தேய்க்கவும் முகம் கழுவவும் போதும். அதைவிடக் குறுகியதும் உண்டு, ஆனால் முகம் கழுவும்போது முழங்கை வழியாகத் தண்ணீர் தரையில் சொட்டும். மூலையில் மாட்டும் முக்கோணப் பேசின் படத்தில் அழகாக இருக்கும், அடியில் அலமாரி வைக்க மட்டும் வராது. விளிம்பு தரையிலிருந்து 32 முதல் 34 அங்குல உயரம். சாப்பாட்டு மேசைப் பக்கம் ஏற்கெனவே ஒரு பேசின் இருந்தால், பாத்ரூமில் இருப்பதை எடுத்துவிடுவதைக் கட்டாயம் யோசியுங்கள். அந்த 20 அங்குலத்தில் ஒரு முழு உயர அலமாரியே நிற்கும்.

கண்ணாடித் தடுப்பு போட்டா அறை இன்னும் சின்னதா ஆயிடாதா?

கதவு வைத்த முழு அடைப்பு போட்டால் ஆகும். குளிக்கும் இடத்துக்கும் க்ளோசெட்டுக்கும் நடுவே 24 அங்குல அகலத்தில் ஒற்றை நிலைக் கண்ணாடி போதும், மீதி 24 அங்குலம் நுழைய வழி. ஈரம் பேசின் பக்கம் வராது, அதனால்தான் அந்தப் பக்கம் மர அலமாரியே சாத்தியமாகிறது. 8 மி.மீ. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி போடுங்கள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவு எடுக்க வேண்டும். ஒருமுறை டஃபன் செய்த கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. தரையில் கால் அங்குலம் உயர்த்திய கிரானைட் பட்டி வைத்தால் தண்ணீர் தாண்டாது.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். குளித்ததும் கை வைப்பரால் இழுத்துவிடும் பழக்கம் வீட்டில் வராது என்று தெரிந்தால் திரைச்சீலையே போதும். செலவும் குறைவு, வாளியில் துணி துவைக்க வேண்டியபோது ஒதுக்கியும் விடலாம்.

சுவருக்குள்ள மாடம் வெட்டி ஷாம்பு, சோப்பு வைக்கலாமா?

ஒன்பது அங்குலச் சுவரில் வெட்டலாம். ஆழம் 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். அகலம் 12, உயரம் 24 என்று வைத்து நடுவில் ஒரு கிரானைட் தட்டு கொடுத்தால் இரண்டு அடுக்கு கிடைக்கும். நாலரை அங்குலச் சுவரில் வெட்டவே கூடாது, பின்னால் பூச்சு மட்டும்தான் மிஞ்சும். தூண், பீம், குழாய் அல்லது வயர் போகும் இடம் எதிலும் தொடாதீர்கள். மெல்லிய சுவர் வீடுகளுக்கு முன்பு சொன்ன தொட்டிப் பெட்டித் தட்டு உண்டு, அல்லது டைல்ஸ் ஒட்டும்போதே மூலையில் சொருகும் 9 அங்குலக் கால்வட்ட கிரானைட் தட்டுகள் உண்டு.

மாடத்தில் கெட்டுப்போகும் இடம் அடித்தட்டு. மட்டமாக வைத்தால் தண்ணீர் தேங்கிப் பின்மூலை வழியாகச் சுவருக்குள் இறங்கும். ஒரே துண்டு கிரானைட்டை முன்பக்கம் 3 மி.மீ. தாழ்த்தி வையுங்கள். உள்மூலைகள் அனைத்திலும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே டைல்ஸ். நின்று ஷவரில் குளிப்பவர்களுக்கு அடித்தட்டு 42 அங்குல உயரத்தில் வரலாம். ஸ்டூல் போட்டு வாளியில் குளிப்பவர்கள் வீட்டில் இருந்தால் 28, 30 அங்குலத்துக்கு இறக்குங்கள், அல்லது அந்த உயரத்தில் ஒரு மூலைத்தட்டு சேருங்கள்.

கீசரை எங்க வைக்கறது? பரண் போட்டா தலையில இடிக்குமா?

கூரை பத்தடி இருந்தால் 7 அடி உயரத்தில் பரண் போடலாம், மேலே இரண்டரை அடிக்கு மேல் கிடைக்கும். குளிக்கும் இடத்தின் மேல் போடாமல், கதவுக்கு மேல் 4 அடி அகலத்துக்குப் போடுங்கள். ஆவியும் படாது, வென்டிலேட்டரும் மறையாது. இரண்டு அடி ஆழம் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வைத்தது கைக்கு எட்டாது. முன்னால் டபிள்யூ.பி.சி. கதவு போட்டு மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள்.

15 லிட்டர் கீசர் தண்ணீரோடு சுமார் 25 கிலோ. படுக்கை வசமாக மாட்டும் மாடல் பரணுக்கு மேல் அழகாக அடங்கும், ஆனால் நின்ற வசத்துக்கென்று செய்ததைப் படுக்க வைக்கக் கூடாது. பாதுகாப்பு வால்வில் சொட்டும் தண்ணீரை நிறுத்த அதன் வாயை அடைப்பது ஆபத்து. ஒரு மெல்லிய குழாயைப் போட்டுக் கீழே இறக்கிவிடுங்கள். மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. (மின்சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். 3 கிலோவாட் உடனடி கீசர் என்றால் 4 சதுர மி.மீ. வயர் போடுவது நல்லது. சுவிட்சை பாத்ரூமுக்கு வெளியே வையுங்கள். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி. தான், யு.பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். இரண்டுக்கும் ஒட்டும் பசையும் வேறு.

பேசினுக்குக் கீழ அலமாரி வைச்சா உப்பிப் போகுதே, எந்தப் பலகை நல்லது?

உப்புவது எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும்தான். மேலே எவ்வளவு பளபளப்பாக ஒட்டியிருந்தாலும் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் ஏறும். 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. அல்லது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள (தண்ணீர் தாங்கும் மரைன் ரக) பிளைவுட் போடுங்கள். பிளைவுட்டில் வெட்டிய ஓரங்கள், குழாய்க்குப் போட்ட துளைகள் எல்லாவற்றையும் பட்டி ஒட்டியோ எபாக்ஸி தடவியோ அடைக்க வேண்டும். கீல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அலமாரி தரையைத் தொடவே கூடாது. 8 முதல் 10 அங்குலம் உயர்த்திச் சுவரில் மாட்டினால் கீழே தண்ணீர் ஓடும், துடைப்பமும் போகும். பேசினின் பாட்டில் ட்ராப் நடுவில் இறங்குவதால் இழுப்பறை வேண்டுமென்றால் அந்த இடத்தை விட்டு வளைத்து வெட்ட வேண்டும். ஆங்கிள் வால்வுக்குக் கை போகும்படி பின்பலகையைத் திறந்தே விடுங்கள். பேசினுக்கு மேலே கண்ணாடி பதித்த 5 அங்குல ஆழப் பெட்டி மாட்டினால் மருந்து, சவரப் பொருள் எல்லாம் அதில் போய்விடும். 5 அங்குலத்துக்கு மேல் போனால் குனியும்போது நெற்றி இடிக்கும்.

வாளி, மக், ஸ்டூல், துடைப்பம்... இதுக்கெல்லாம் எந்த டிசைன்லயும் இடமே இல்லையே?

இதுதான் நம் வீடுகளுக்கு முக்கியமான கேள்வி. படம் பார்த்துக் கட்டிய பாத்ரூம்கள் இங்கேதான் தோற்கின்றன. 20 லிட்டர் வாளிக்கு ஓரடிக்கு ஓரடி இடத்தைக் குளிக்கும் மூலையில் முதலிலேயே ஒதுக்குங்கள். குழாய் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால் வாளி அடியில் நுழையும். அந்தக் குழாயைச் சுவரின் நடுவில் வைக்காமல் மூலையிலிருந்து 8 அங்குலத்தில் வைத்தால், வாளி மூலையிலேயே நிற்கும், நடுவழி காலியாக இருக்கும்.

மடக்கு ஸ்டூலும் மக்கும் கொக்கியில் தொங்கட்டும். துடைப்பமும் வைப்பரும் கதவுக்குப் பின்னாலோ க்ளோசெட்டுக்குப் பக்கத்திலோ கவ்விப் பிடிக்கும் கிளிப்பில் நிற்கட்டும், முனை தரையைத் தொடாமல். இரண்டாவது வாளி வேண்டுமென்றால் முதல் வாளிக்குள் அடங்கும் அளவாக வாங்குங்கள்.

வாஷிங் மெஷினையும் உள்ளயே வைக்கலாமா?

7-க்கு 4 அடியில் முடியாது. முன்பக்கம் திறக்கும் மெஷின் அகலம் 60, உயரம் 85 செ.மீ., பின்னால் குழாய்க்கு இன்னும் 5 முதல் 10 செ.மீ. வேண்டும். 8-க்கு 5 அடி அறையில், தண்ணீர் தெறிக்காத கதவுப் பக்கம், 4 அங்குல மேடையில் வைத்து மேலே அலமாரி போடலாம். அந்த அறையில் கண்ணாடித் தடுப்பு கட்டாயம்.

பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டினா உடைக்கிற வேலை மிச்சம் இல்லையா?

தூசியும் சத்தமும் மிச்சம். மற்றபடி நஷ்டம். டைல்ஸும் கம்மும் சேர்ந்து சுவருக்கு 12 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குல அகலம் போகும். முதல் கேள்வியில் சொன்ன லாபம் அப்படியே தலைகீழாகும். தரை உயர்ந்து வாசலில் தண்ணீர் அறைக்குள் வரும். மறைத்துப் போட்ட குழாய்களின் வாய்கள் உள்ளே போய்விடும், நீட்டிப்புத் துண்டு போட வேண்டும். பழைய கசிவு அப்படியே இருக்கும். சுவரில் மட்டும், பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் வராமல், கசிவே இல்லாமல் இருந்தால் ஒட்டலாம். தரையில் வேண்டாம்.

கீழ் வீட்டு சீலிங்ல ஓதம் வருது. டைல்ஸ் ஜாயின்ட்டை அடைச்சா போதுமா?

போதாது. ஜாயின்ட் வழியாக இறங்கிய தண்ணீர் ஏற்கெனவே சன்கன் நிரப்பலில் தேங்கி நிற்கும். மேலே அடைத்தாலும் அது பல வாரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். முழுக்க எடுத்துச் செய்வதே வழி, வரிசையும் மாறக் கூடாது. நிரப்பலைத் தோண்டி எடுத்துக் காங்கிரீட் தளத்தைக் காய விடுங்கள். வெடிப்புகளையும் குழாய் துளைக்கும் இடங்களையும் சுருங்காத சிமென்ட் கலவையால் அடையுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில் பூச்சு வெடிக்கும். பிறகு இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சு, இரண்டு கோட். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. தரை முழுக்க, எல்லாச் சுவரிலும் ஓரடி, குளிக்கும் பக்கம் 6 அடி. இந்த அறைக்கு மொத்தம் சுமார் 100 சதுர அடி வரும்.

பூச்சு காய்ந்ததும் கழிவு வாய்களை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு போட்டு, 48 முதல் 72 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் கூரையைத் தினமும் போய்ப் பாருங்கள். நிரப்பலுக்கு மேல் வரும் தளத்திலும் இன்னொருமுறை பூச்சு அடித்தால் நிரப்பலுக்குள் தண்ணீர் போகும் வழியே அடைபடும். இந்தச் சோதனையை நாள் மிச்சம் பிடிக்க விட்டுவிடும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கீழ்வீட்டில் குடியிருப்பவர்களும் மனிதர்கள், அவர்கள் படுக்கையில் நம் கழிவுநீர் சொட்டக் கூடாது.

குளிச்சு முடிச்சா தண்ணி அங்கங்க நிக்குது. வாட்டம் எவ்வளவு வேணும்?

குளிக்கும் இடத்தில் அடிக்கு 5 மி.மீ., மற்ற இடத்தில் அடிக்கு 3 மி.மீ. இந்த அறைக்கு வாசலிலிருந்து வடிகால் வரை மொத்தம் ஓர் அங்குலம் இறங்கும். வாசலில் பாத்ரூம் தரை வெளித்தரையைவிட அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும், நடுவில் கிரானைட் படி. வடிகாலை எதிர்க்கோடி மூலையில், வாளி நிற்காத பக்கத்தில் வையுங்கள். ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும் வகை வாங்கினால் வாடையும் கரப்பானும் வராது. தரை ஒட்டிய அன்றே, கம் இறுகும் முன் ஒரு வாளி தண்ணீரை வாசலில் ஊற்ற முடியாது. எனவே ஒட்டும்போதே ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரிசையையும் பாருங்கள்.

எத்தனை பெட்டி டைல்ஸ் வாங்கணும்? பெரிய டைல்ஸ் போட்டா ரூம் பெரிசா தெரியுமாமே?

சுற்றளவு 22 அடி, உயரம் 7 அடி: 154 சதுர அடி. கதவுக்கு 17 கழித்தால் 137. வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்தால் 150. 12-க்கு 24 அங்குல டைல்ஸ் ஒன்று 2 சதுர அடி, 75 வேண்டும். பெட்டிக்கு 5 என்றால் 15, பின்னாளைய பழுதுக்கு ஒரு பெட்டி கூடுதல். தரைக்கு 12-க்கு 12 அங்குல வழுக்காத மேட் டைல்ஸ் 31. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள்.

சுவரில் பெரிய டைல்ஸ், வெளிர் நிறம், ஜாயின்ட்டும் அதே நிறம் என்றால் அறை விரிந்து தெரியும். 12-க்கு 24-ஐப் படுக்க வசமாக ஒட்டினால் ஏழு வரிசையில் சரியாக 7 அடி முடியும். தரையில் மட்டும் பெரியதைப் போடாதீர்கள். நான்கு பக்கமிருந்தும் வடிகாலுக்கு வாட்டம் கொடுக்க அது வளையாது.

அப்பாவுக்கு வயசாயிடுச்சு. பிடிமானக் கம்பியும் வேணும், அலமாரியும் வேணும். எப்படி?

கம்பிதான் முதலில், அலமாரி மிஞ்சிய இடத்தில். க்ளோசெட் பக்கச் சுவரிலும் குளிக்கும் இடத்திலும் 33 முதல் 36 அங்குல உயரத்தில் கம்பி வர வேண்டும். முழுச் செங்கல் சுவரில் நீளமான போல்ட்டோடு மட்டும் மாட்டுங்கள். இலகு கட்டிச் சுவர் என்றால் அதற்கென்று உள்ள ஆங்கர் வேண்டும். தொட்டிப் பெட்டியின் பலகையிலும் டவல் கம்பியிலும் அவர் எடையைப் போட்டால் பெயர்ந்து வரும். துண்டுக்கும் தனிக் கம்பி வைக்காமல், பிடிமானக் கம்பியையே துண்டுக்கும் பயன்படுத்தலாம். அவர் பொருள்கள் எல்லாம் 30-க்கும் 48 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில், குனியாமல் எம்பாமல் எட்ட வேண்டும். கதவு வெளியே திறப்பது இங்கே இடத்துக்காக மட்டும் இல்லை. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்ளே திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

எல்லாம் முடிஞ்ச பிறகு துளை போடும்போது குழாயில பட்டுடுச்சு. முன்னாடியே எப்படித் தவிர்க்கறது?

பூசுவதற்கு முன் நான்கு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுங்கள். குழாய்களை நேர்கோட்டில், நிமிர்ந்தோ படுத்தோ மட்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாய்வாக இழுத்தால் பிறகு யாராலும் ஊகிக்க முடியாது. கண்ணாடிப் பெட்டி, பிடிமானக் கம்பி, கீசர் இவை வரும் இடங்களைக் குழாய் போடும் முன்பே சுவரில் சாக்கட்டியால் குறியுங்கள். பூசும் முன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை நாள் ஆகும்? வீட்ல இருக்கறது ஒரே பாத்ரூம்.

உடைத்து அள்ள 2, 3 நாள். சன்கனும் எடுத்தால் அறுபது மூட்டை வரை இடிபாடு வரும், லிஃப்ட்டில் ஏற்றலாமா என்று சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய், வயர் 2 நாள், பூச்சு 1, நீர்த்தடுப்பும் தண்ணீர்ச் சோதனையும் 6, நிரப்பி மேல்தளம் போட்டு உலர 3, டைல்ஸ் 4, ஜாயின்ட் 1, பொருத்த 2. மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டு அதுவரை தங்க வேறு ஏற்பாடு செய்யுங்கள். க்ளோசெட், மிக்ஸர், வடிகால் மூடி எல்லாம் உடைக்கும் முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு மாடல் கிடைக்காமல் நிற்கும் நாள்தான் கூலியை வீணாக்கும்.

வாடகை வீடு, ஒண்ணும் உடைக்க முடியாது. என்ன செய்யலாம்?

ஃப்ளஷ் தொட்டிக்கு மேல் உள்ள சுவர் பெரும்பாலும் காலி. க்ளோசெட்டின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் துருப்பிடிக்காத அடுக்கு 24 அங்குல அகலத்தில் கிடைக்கும். வாங்கும் முன் தொட்டி அகலத்தையும் மூடியைத் தூக்கும் உயரத்தையும் அளங்கள். இரண்டு சுவர்களுக்கு இடையே ஸ்ப்ரிங்கால் இறுகி நிற்கும் கம்பி 4 அடிக்குப் பொருந்தும், திரைச்சீலையும் உலர்த்தும் துண்டும் அதில் தொங்கும். ஒட்டும் கொக்கிகள் மேட் டைல்ஸில் நிற்காது. பளபளப்பான டைல்ஸில், ஜாயின்ட்டைத் தொடாமல், ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டி, ஒரு நாள் கழித்தே எடை போடுங்கள். கழற்றும்போது ஹேர் டிரையர் சூடு காட்டினால் சுத்தமாக வந்துவிடும்.